கோழிக்காரி எழுந்து நின்றாள்

லாஸ் பலோமாஸ் குடியிருப்பு,
ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு, டெக்சாஸ்
ஜனவரி 14

அன்புத் தம்பி ரமீரோவுக்கு,

நலமா? இருமல் விட்டதா? கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ இருமிய இருமலில் பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது. நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படி கண்டால் முனகுகிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் உன்னைப் பிடித்தால் மூன்றாவது நிமிஷம், "அக்கா, மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. காகிதம் என்றால் உன் மீட்டிங் முடியும்வரை மேஜைமேல் பொறுமையாகக் காத்திருக்கும். பதிலும் காகிதத்தில்தான் வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். சட்டசபை கூடிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கூத்து. பல்கலைக்கழகம் இங்கே நடத்தும் எங்கள் குழந்தைகள் குடும்ப மையத்துக்கு மாநில பட்ஜெட்டில் இருக்கும் ஒதுக்கீட்டை இந்த முறை வெட்டப்போகிறார்கள் என்று எங்கள் தலைவி ஆர்செலியா சொல்கிறாள். வெட்டுவதா வைப்பதா என்று முடிவு செய்யும் நிதிக் குழுவில் உட்கார்ந்திருப்பது உன் செனட்டர். அவருக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பது நீ.

பதினெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுகிறேன். எந்தக் குழந்தை நடக்கவில்லை, எது பேசவில்லை, எந்தத் தாய் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று பார்ப்பது என் வேலை. உன்னிடம் இதுவரை ஒரு உதவி கேட்டதில்லை. உன் கார் ரிப்பேருக்குக்கூட நான்தான் தந்தேன். இப்போது கேட்கிறேன். அந்த ஒதுக்கீடு போகக்கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். பீன்ஸை டப்பாவிலிருந்து அப்படியே தின்னாதே, சூடாவது பண்ணு.

உன் அக்கா,
ஹசிந்தா


ஆஸ்டின்
ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது. உன் முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாயா?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நிலைமை கொஞ்சம் கடினம்தான், ஆனால் கைமீறிப் போகவில்லை. மையம் அனுப்பும் அறிக்கைகளில் வெறும் எண்ணிக்கைதான் இருக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்து இங்கே யாருக்கும் மனம் இளகாது. வியாழக்கிழமை வகுப்பு எப்படி நடக்கிறது, யார் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு விவரமாக எழுது. உன் பாணியிலேயே எழுது. எனக்கு அது உதவும்.

உன் தம்பி,
ஆர். கவாசோஸ்


லாஸ் பலோமாஸ்
பிப்ரவரி 5

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். டாக்டரைப் பார்த்தேன். எடையைக் குறைக்கச் சொன்னார். அவர் தொப்பையை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

அதென்ன "ஆர். கவாசோஸ்"? அக்காவுக்கு எழுதும் கடிதத்திலுமா? அம்மா வீட்டுப் பெயரை எங்கே தொலைத்தாய்? ரமீரோ கவாசோஸ் பெரலெஸ் என்று ஞானஸ்நானத்தில் பாதிரியார் மூன்று பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நான் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்றேன்.

சரி, வகுப்பைப் பற்றி. வியாழன் காலை ஒன்பது மணிக்கு அம்மாக்கள் பிள்ளைகளோடு வந்துவிடுவார்கள். வாசலில் வருகைத் தாள். அதில் யாரும் உண்மைப் பெயர் எழுதுவதில்லை. பாதிப் பேரிடம் இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் கிடையாது, மீதிப் பேர் காகிதம் இல்லாத ஒருவரோடு வாழ்கிறார்கள். பெயர் கேட்டால் மறுவாரம் ஒருத்தியும் வரமாட்டாள் என்று மையம் தொடங்கிய நாளிலேயே தெரிந்து, கேட்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டோம். அதனால் எல்லாரும் பட்டப்பெயர்தான் எழுதுவார்கள். மிளகாய் என்று ஒருத்தி, வாயைத் திறந்தால் எரியும். குட்டச்சி என்று ஒருத்தி, அவள் என்னைவிட உயரம். பூக்காரி என்று ஒருத்தி. கோழிக்காரி என்று ஒருத்தி, நாற்பது கோழி வளர்க்கிறாள், எங்கே போனாலும் கையில் ஒரு டஜன் முட்டை.

எல்லாரும் உட்கார்ந்ததும் நான் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். எழுந்து நின்று, "இருக்கேன்!" என்று கத்த வேண்டும். வகுப்பு தொடங்கிய காலத்திலிருந்து வரும் பழக்கம். வாரம் பூராவும் யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி ஒதுங்கி நடக்கிற பெண்கள். அந்த ஒரு கத்தலுக்காகவே சிலர் வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கோழிக்காரியின் மகனுக்கு மூன்றரை வயது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. காது கேட்கிறது, அறிவு இருக்கிறது, வார்த்தை மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் பெண் வருகிற செப்டம்பரிலிருந்து வாரம் இரண்டு நாள் அவன் வீட்டுக்கே போக ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒதுக்கீடு போனால் அந்தப் பெண்ணும் போய்விடுவாள். நானும்தான். ஆனால் எனக்கு வேறு வேலை கிடைக்கும். அவனுக்கு வேறு மூன்றரை வயது கிடைக்காது. பேச வராத பிள்ளை வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் உனக்கு மட்டும். மனத்தில் வைத்துக்கொண்டு செனட்டரிடம் நல்ல வார்த்தை சொல்.

உன் அக்கா,
ஹசிந்தா


ஆஸ்டின்
பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் மிகவும் உதவியாக இருந்தது. செனட்டர் இந்த விஷயத்தில் அக்கறை காட்டுகிறார். மார்ச் 11 அன்று குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசலாம். ஆர்செலியாவை வரச் சொல். அம்மாக்களை அழைத்து வர வேண்டிய அவசியமில்லை, அவர்களுக்கு எதற்கு அலைச்சல்.

அவசரத்தில் எழுதுகிறேன். அலுவலக அட்டையில் இடம் குறைவு, அதனால்தான் பெயர் சுருங்கிவிட்டது.

ரமீரோ


லாஸ் பலோமாஸ்
மார்ச் 13

ரமீரோவுக்கு,

நீ நலமாக இருப்பாய். முந்தாநாள் செனட்டர் நாற்காலிக்குப் பின்னால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நான் நலமாக இல்லை. கோபத்தில் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மாக்களை அழைத்து வராதே என்றாய். நான் கேட்கவில்லை. ஒன்பது பேரை அழைத்துக்கொண்டு விடிகிற நேரத்தில் பஸ் ஏறினேன். வழியில் இருக்கும் எல்லைக் காவல் சாவடியைத் தாண்டக் காகிதம் உள்ளவர்களாகப் பார்த்துத்தான் கூட்டிவந்தேன். அதில் கோழிக்காரியும் ஒருத்தி. காகிதம் இல்லாதது அவள் புருஷனுக்குத்தான். அவள் வரத் தயங்கினாள். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, நான் வந்து என்ன பண்ணப்போறேன்?" என்றாள். "சும்மா உட்கார்ந்திரு, உன்னைப் பார்த்தாலே அவங்களுக்குப் புரியும்" என்று நான்தான் இழுத்து வந்தேன். தேவாலயத்துக்குப் போகிற பச்சை உடையைப் போட்டுக்கொண்டு, முட்டை கொண்டு வரலாமா என்று கேட்டு, வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒரு டஜன் கொண்டு வந்தாள்.

ஆர்செலியா நன்றாகப் பேசினாள். இரண்டு நிமிஷம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது. அப்புறம் உன் செனட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளைக் கையில் எடுத்தார்.

"இந்த மையத்துக்கு யார்தான் வர்றாங்கன்னு கொஞ்சம் பார்க்கலாமா? இதோ, மிளகாய். குட்டச்சி. பூக்காரி. அப்புறம்..." என்று நிறுத்தி, எல்லாரும் காதைத் தீட்டிக்கொள்ள நேரம் கொடுத்து, "கோழிக்காரி!" என்றார்.

அந்தப் பெயர்களை அவர் நம் ஸ்பானிஷ் மொழியிலேயே, கடித்துத் துப்புகிற மாதிரி வாசித்தார். அத்தனை நேரம் ஒரு வார்த்தையும் புரியாமல் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோழிக்காரிக்கு, அந்த ஒரு வார்த்தை புரிந்தது. தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள். முகம் மலர்ந்து எழுந்து நின்றாள். எழுந்து நின்று, "இருக்கேன்!" என்று கத்தினாள்.

சபையே சிரித்தது, ரமீரோ. கோட் போட்டவர்கள், காவலர்கள், தட்டச்சுப் பெண்கள் எல்லாரும். உன் செனட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது பல்கலைக்கழகமா, சர்க்கஸா? வரி கட்டுறவங்க காசுல நடக்குதே!" என்றார். மறுபடி சிரிப்பு. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். சுற்றிப் பார்த்தாள். அப்புறம்தான் மெதுவாக உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் முட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். ஊர் நெருங்கும்போது கேட்டாள்: "ஏன் சிரிச்சாங்க?"

"மைக்குல ஏதோ கோளாறு" என்றேன்.

"பொய் சொல்லாதடீ ஹசிந்தா."

முட்டைப் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நேற்று வியாழன். அவளும் வரவில்லை, அவள் பிள்ளையும் வரவில்லை.

நாங்கள் அனுப்பும் அறிக்கையில் பட்டப்பெயர் இருக்காது. வருகைத் தாள் எங்கள் அலமாரியைத் தாண்டியதில்லை. யாரோ திருடிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் மையத்துக்குப் புதிதாக வந்த தட்டச்சுப் பெண்மேல் எனக்குச் சந்தேகம். நேற்று அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டேன், ஓவென்று அழுகிறாள். யார் கொடுத்தது என்று நீ அங்கிருந்து கண்டுபிடித்துச் சொல். அந்தக் கையை நான் பார்க்க வேண்டும்.

ஹசிந்தா


ஆஸ்டின்
மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயமானது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இந்த மாதிரி விஷயங்கள் எங்கிருந்து வெளியே போகும் என்று சொல்ல முடியாது. அலுவலகம் என்றால் ஆயிரம் கை. அதைத் துருவுவதால் இப்போது பயன் இல்லை. அந்தத் தட்டச்சுப் பெண்ணை விட்டுவிடு, அவளாக இருக்காது.

நடக்க வேண்டியதைப் பார்ப்போம். இறுதி ஓட்டு ஏப்ரல் 24. வருகிறவர்கள் உண்மையான ஆட்கள்தானா என்பதுதான் குழுவின் கேள்வி. குடும்பங்களின் உண்மைப் பெயரும் முகவரியும் கொண்ட பட்டியல் ஒன்றை எனக்கு மட்டும் ரகசியமாக அனுப்பினால், நான் பார்த்து உறுதி செய்ததாகச் செனட்டரிடம் சொல்ல முடியும். ஐம்பது பெயர் போதும். ஒதுக்கீட்டைக் காப்பாற்ற இது ஒன்றுதான் வழி.

ரமீரோ


லாஸ் பலோமாஸ்
ஏப்ரல் 2

ரமீரோ,

நலமா என்று கேட்பது மரியாதை. கேட்டாகிவிட்டது.

இன்று காலை ஒரு பை இனிப்பு ரொட்டி வாங்கிக்கொண்டு அந்தத் தட்டச்சுப் பெண்ணின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இந்த வயதில் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் வாசலில் போய் நின்றேன். "அவளாக இருக்காது" என்று அத்தனை உறுதியாக எழுதினாயே, அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. தம்பி என்கிற சொல் கண்ணை மறைக்கிறது.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். இந்த வருஷத்துத் தாள்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தத் தாள் காணாமல் போனது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. மிளகாய் இருக்கிறாள், குட்டச்சி இருக்கிறாள், கோழிக்காரி இருக்கிறாள். பூக்காரி மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. ஏனென்றால் அவளுக்கு எழுதத் தெரியாது. பெயருக்குப் பதிலாக ஐந்து இதழ் வைத்து ஒரு பூ வரைவாள். அவள் முறை வரும்போது நான் அந்தப் பூவைத் தூக்கிக் காட்டுவேன், பூக்காரி என்று அவளை யாரும் கூப்பிடுவதில்லை. பிப்ரவரி ஐந்தாம் தேதி உனக்கு எழுதும்போது, என்ன எழுதுவது என்று யோசித்து நானாக வைத்த பெயர் அது. உலகத்திலேயே ஒரே ஒரு காகிதத்தில்தான் அந்தச் சொல் இருந்தது. அது உன் மேஜைமேல் இருந்தது.

நீயா? என் கடிதத்தையா?

"உன் பாணியிலேயே எழுது" என்றாய். எழுதினேன், முட்டாள். அதை எடுத்துக்கொண்டுபோய் அந்த ஆளின் கையில் சிரிக்கக் கொடுத்தாயே. அவள் எழுந்து நின்றபோது நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? இவ்வளவும் செய்துவிட்டு இப்போது ஐம்பது பெயரும் முகவரியும் வேண்டும் என்கிறாய். பள்ளிக்கூட முக்கில் எல்லைக் காவல் வண்டி நிற்கிறது. கொடுத்த வாக்கை முப்பது வருஷமாகக் காப்பாற்றி வருகிறோம். உனக்கு ஒரு பெயரும் கிடையாது.

ஆனால் இரண்டு பழைய வருகைத் தாள் அனுப்புகிறேன். பின்கட்டு அறையில் பழைய பெட்டிகளைக் கிளறிக் கண்டெடுத்தது. இணைத்திருப்பது நகல், அசல் என்னிடம் இருக்கிறது.

முதல் தாளில் ஏழாவது வரியைப் பார். "ரேடியோ, ஊமைக்குட்டியுடன்." கையெழுத்து தெரிகிறதா? அடுப்படியில் ஓயாமல் பாடிக்கொண்டிருந்ததால் நம் அம்மாவுக்கு ரேடியோ என்று பெயர். ஊமைக்குட்டி நீ. நாலு வயது ஆகியும் வாய் திறக்காத நீ. அப்போது அம்மாவிடம் காகிதம் இல்லை. உண்மைப் பெயர் கேட்டிருந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு இந்த மையத்தின் படியேறியிருக்கவே மாட்டாள். யாரும் கேட்கவில்லை. அதனால் போனாள், இரண்டு வருஷம், ஒரு வியாழன் விடாமல். பள்ளிக்கூட விடுமுறை நாளில் நானும் போவேன். அம்மா எழுந்து நின்று "இருக்கேன்!" என்று கத்தும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இரண்டாவது தாள் அம்மா அங்கே போன கடைசி வருஷத்தது. "ரேடியோ, வாயாடியுடன்" என்று எழுதியிருக்கிறாள். ஊமைக்குட்டியை அடித்துவிட்டு வாயாடி. வரி முழுக்கச் சிரித்துக்கொண்டே எழுதியது மாதிரி கோணல்மாணலாக ஓடுகிறது. இந்த இரண்டு தாளுக்கும் நடுவில் நடந்ததைத்தான் நீங்கள் சர்க்கஸ் என்கிறீர்கள்.

ஏப்ரல் 24 அன்று அந்த ஆள் மறுபடி "இவர்கள் யார்?" என்று கேட்பார். எழுந்து நின்று ஒரே ஒருவனைத் தெரியும் என்று சொல். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

ஹசிந்தா


லாஸ் பலோமாஸ்
மே 3

ரமீரோ,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ செத்துப் போகவில்லை என்று எனக்குத் தெரியும், கணினியில் பார்த்தேன்.

ஏப்ரல் 24. மையத்தின் பெரிய அறையில் எல்லாரும் உட்கார்ந்து நேரலையில் பார்த்தோம். நீல டை கட்டியிருந்தாய். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுவிட்டு எடுத்தாய், மறுபடி விட்டாய். அந்த ஆள் கேட்டார்: "இந்த மையத்தால பலன் அடைஞ்ச ஒரே ஒரு பிள்ளையைக் காட்ட முடியுமா? பேரோட, முகத்தோட? ஒண்ணே ஒண்ணு?" உன் தலை அவர் தலைக்கு ஒரு முழம் பின்னால் இருந்தது. ஆர்செலியா என் கையைப் பிடித்திருந்தாள், உனக்கு அனுப்பிய தாள் விஷயத்தை அவளிடம் சொல்லியிருந்தேன். நீ குனிந்து ஷூவைப் பார்த்தாய்.

வாயில் என்ன தமாலே கொழுக்கட்டையா அடைத்து வைத்திருந்தாய்? உன்னைப் பேச வைக்க ஒரு வீடே கிடந்து உழைத்தது. "தண்ணி" என்று நீ சொன்ன முதல் நாள் அம்மா தெரு முழுக்க ஓடிப்போய்ச் சொன்னாள். காகிதம் இல்லாதவள், தெருவில் இறங்கவே பயப்படுகிறவள், செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். இதற்குத்தானா?

ஓட்டு ஒன்பதுக்கு நாலு. ஒதுக்கீடு போய்விட்டது. ஆகஸ்ட் கடைசியோடு மையத்தை மூடச் சொல்லிவிட்டார்கள். பேச்சுப் பயிற்சிப் பெண் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். கோழிக்காரி வீட்டுக் கதவை மூன்று முறை தட்டினேன். உள்ளே கோழிச் சத்தம் கேட்கிறது, பிள்ளை ஓடுகிற சத்தமும் கேட்கிறது. கதவைத்தான் திறக்கவில்லை.

உன்னைத் தலைமுழுகிவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அதற்கும் சேர்த்து உன்மேல் கோபம்.

ஹசிந்தா


ஆஸ்டின்
மே 19

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. நான் சரியாக இல்லை.

முழுவதையும் எழுதிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். செனட்டர் சுவாரசியமாக ஏதாவது வேண்டும் என்றார். பட்டப்பெயர்களை ஒரு தாளில் தட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுக்கு முன்னால் சிரித்தவன் நான். சிரிக்காமல் இருந்தால் அந்தப் பெயர்கள் எனக்குப் பழக்கம் என்று தெரிந்துவிடும் என்று பயம். "இதை ஒழுங்கா ஒரு குறிப்பாப் போடு" என்றார். போட்டேன். "சரிபார்க்க முடியாத நபர்கள்" என்று தலைப்பு. அந்தத் தலைப்பை அவர் சொல்லவில்லை. நான் வைத்தது. இத்தனை கடிதத்திலும் இதைத்தான் எழுதாமல் விட்டேன்.

அந்த அம்மா எழுந்து நின்றபோது என்ன என்று எனக்கு உடனே புரிந்தது. மையத்து ஆட்களைத் தவிர, அந்த மொத்த சபையில் புரிந்தவன் நான் ஒருவன்தான்.

24ஆம் தேதி உன் இரண்டு தாளும் கோட்டுப் பையில் இருந்தன. வாய் வரவில்லை, அக்கா. ஓட்டு முடிந்து, நடைபாதையில் அவரை நிறுத்தி, தாளைக் காட்டி, "இந்த ஊமைக்குட்டி நான்தான்" என்றேன். திட்டுவார், வேலையை விட்டுத் துரத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோளில் தட்டி, "அப்படியா! பார்த்தியா, நீ உன் சொந்தக் கால்ல நின்னு மேல வந்துட்டே. இதைத்தான் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டில் ஏறினார்.

மறுநாள் வேலையை விட்டுவிட்டேன். இதற்காக நீ என்னைப் பாராட்ட வேண்டாம், விட்டிருக்க வேண்டியது அதற்கு முந்தியே.

ஒரு வியாழக்கிழமை நான் அங்கே வரலாமா?

ரமீரோ


லாஸ் பலோமாஸ்
ஜூன் 6

ரமீரோவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. நீ டப்பா பீன்ஸ்தான் தின்றுகொண்டிருப்பாய், கேட்கவே வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்துக் கிழிக்கலாம் என்று எடுத்தேன், கிழிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தத் தலைப்பு இன்னும் கண்முன்னாலேயே நிற்கிறது. "சரிபார்க்க முடியாத நபர்கள்." பெற்ற தாயையும் சேர்த்துத்தானே எழுதினாய்?

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பேச்சுப் பயிற்சிப் பெண் கிளம்பும் முன் என்னை உட்கார வைத்து, அவளுக்குத் தெரிந்ததில் எனக்கு ஏறக்கூடியதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் செய்வது மாதிரி எனக்கு வராது. இருந்தாலும் வியாழன் வகுப்பை நிறுத்தவில்லை. மையத்தை மூடும்வரை காத்திருந்து ஒப்பாரி வைப்பானேன் என்று இப்போதே வெளியே எடுத்து வந்துவிட்டோம். மிளகாயின் மச்சான் டயர் கடை வைத்திருக்கிறான், அதன் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ரப்பர் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது, பிள்ளைகள் டயருக்குள் புகுந்து விளையாடுகிறார்கள். எனக்குச் சம்பளம் ஆகஸ்ட் வரைக்கும்தான். அதற்கு மேல் நடப்பதை அப்புறம் பார்க்கலாம்.

போன வாரம் வாசலில் வழக்கம்போல் தாளை வைத்தேன். கோழிக்காரி வந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முட்டை இல்லாமல். தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது யாருக்குப் போகும்?" என்றாள்.

"யாருக்கும் போகாது. இனிமே அவங்க காசு இல்ல, அவங்களுக்குக் கணக்கு காட்ட வேண்டியதும் இல்ல. நம்ம தாள்."

"நம்மளுதா?"

"நம்மளுதுதான்."

பேனாவை எடுத்தாள். தன் முழுப் பெயரை எழுதினாள், ரமீரோ. வைத்த பெயர், அப்பா வழிப் பெயர், அம்மா வழிப் பெயர், மூன்றையும் பெரிய எழுத்தில். கீழே பிள்ளையின் பெயரையும் அதே மாதிரி. "அந்த சபையில என்னை யாருன்னு தெரியாமச் சிரிச்சாங்கல்ல. நான் யாருன்னு இதுலயாவது இருக்கட்டும்" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற மிளகாய் அதைப் பார்த்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். அப்புறம் குட்டச்சி. பூ வரைகிறவள் பூவை வரைந்துவிட்டு, பக்கத்தில் என்னை எழுதச் சொல்லித் தன் பெயரைக் காதில் சொன்னாள். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அவள் பெயர் எனக்குத் தெரிந்தது. அரசாங்கம் காசைக் காட்டிக் கேட்டும் கிடைக்காத பெயர்கள். இருபத்தாறு பேர்.

ஒன்றைக்கூட உனக்கு எழுத மாட்டேன். தாள் என் வீட்டில், அம்மாவின் தையல் பெட்டிக்குள் இருக்கிறது.

வரலாமா என்று கேட்டாய். கோழிக்காரியிடம் கேட்டேன், நீ யார், என்ன செய்தாய் என்று ஒன்றுவிடாமல் சொல்லி. பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அப்புறம், "வரட்டும். ஆனா எல்லார் மாதிரியும் எழுந்து நிக்கணும்" என்றாள்.

ஆகவே வா. வியாழன் ஒன்பது மணி, டயர் கடைக்குப் பின்னால். தாளில் கடைசி வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். பட்டப்பெயர் எழுதக் கூடாது, "ஆர்." என்றும் எழுதக் கூடாது. அம்மா வீட்டுப் பெயரோடு முழுசாக எழுது. அந்தப் பெயரைச் சொல்லி நான் கூப்பிடுவேன். அவள் முன் வரிசையில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள், மடியில் அவள் பிள்ளை இருப்பான். எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அவனுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்.

உன் அக்கா,
ஹசிந்தா கவாசோஸ் பெரலெஸ்